அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி

எங்கள் வீட்டு அரிசி டிரம்முக்குள் ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் அரை மணி நேரம் என் கைப்பேசி கிடக்கிறது. யாங்கூனின் பழைய மாடிக் குடியிருப்புகளைப் பார்த்தவர்களுக்கு அவற்றின் அமைப்புத் தெரியும்: பன்னிரண்டு அடி அகலத்தில் ஐம்பது அடி நீளத்துக்கு ரயில் பெட்டி போல நீண்டு கிடக்கும் ஒரே கூடம்தான் வீடு, முன்னால் தெருவைப் பார்த்த பால்கனி, பின்னால் சமையற்கட்டு, இடையில் நாங்களே அடித்துக்கொண்ட பலகைத் தடுப்புகள். கதவைச் சாத்திக்கொண்டு தனியே உட்காரக் குளியலறையைத் தவிர வேறு இடமில்லை. ஆகவே சமையற்கட்டின் மூலையில், அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டுதான் நான் ஜெபிக்கிறேன். கைப்பேசி டிரம்முக்குள், டிரம்மின்மேல் மூடி, மூடியின்மேல் அம்மிக் குழவி. "பால்டப்பாவை விட்டா அரிசிக்கு முன்னால உங்க போன்தாங்க வருது" என்று என் மனைவி சொல்லாத வாரமில்லை. ஒரு பீ அரிசிக்கு எட்டுப் பால்டப்பா என்பது இந்த நாட்டு அளவை. அந்தக் கணக்கில் கைப்பேசிக்கு இடமில்லை என்பது அவளுடைய கட்சி.

ஐம்பத்தாறு வயதுக்காரன் ஒருவன் தன் கைப்பேசியை அரிசிக்குள் புதைக்கும் நிலைக்கு எப்படி வந்து சேர்ந்தான் என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். இதை எழுதும் இந்த வாரத்திலேயே இரண்டு நாள் தவறியிருக்கிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிப்பவர்கள் என்னை ஜெபவீரன் என்று எண்ணிக்கொண்டு மேலே போகக் கூடாது.

அந்த மூலை என் தாயாருடையது. 1964இல் கடைகளும் வணிக நிறுவனங்களும் அரசுடைமையானபோது பர்மாவிலிருந்த தமிழர்கள் கூட்டங்கூட்டமாகக் கப்பலேறிச் சென்னைக்குப் போனார்கள். அம்மாவின் உடன்பிறந்தவர்கள் மூவரும் அப்படிப் போனவர்களே. அப்பாவுக்கு ரயில்வே பட்டறையில் வேலை இருந்ததால் எங்கள் குடும்பம் அப்போது ரங்கூன் என்று அழைக்கப்பட்ட இந்த யாங்கூனிலேயே தங்கிவிட்டது. நான் பிறந்தது அதற்குப் பிறகு. போனவர்களிடமிருந்து கடிதம் வருவதற்கு மாதக்கணக்கில் ஆகும், வராமலும் போகும். அம்மாவிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. அதில் பெயர்களைத் தவிர வேறொன்றும் எழுதியிருக்காது: அண்ணன், அண்ணி, அவர்களுடைய பிள்ளைகள், அவர் ஒருமுறைகூடப் பார்த்திராத பேரப்பிள்ளைகள். விடியுமுன் எழுந்து, அரிசி டிரம்மில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லுவார். ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் வருகிற வாக்கியம் ஒன்றேதான்: "எப்படி இருக்காங்களோ எனக்குத் தெரியாது, ஆண்டவரே, உமக்குத் தெரியும்." பாதித் தூக்கத்தில் அந்த வாக்கியத்தைக் கேட்டுக்கொண்டே நான் வளர்ந்தேன். அப்போது அதில் எனக்கு ஒன்றும் விசேஷமாகத் தோன்றவில்லை.

"நீயோ ஜெபம்பண்ணும்போது, உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" என்று மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் வருகிறது. அறைவீடு இல்லாத எங்களைப் போன்றவர்கள் என்ன செய்வது என்று சிறுவயதில் ஓய்வுநாள் பாடசாலையில் கேட்டு, அதிகப்பிரசங்கி என்று பெயர் வாங்கியிருக்கிறேன். பல ஆண்டுகள் கழித்து, கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் நிற்கும் 'தமேயோன்' என்ற சொல் தானியமும் பண்டமும் சேர்த்துவைக்கும் உள்ளறைக்கும் வழங்கும் சொல் என்று ஒரு வேதாகம வகுப்பில் கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏழை வீடுகளில் கதவுள்ள இடம் அது ஒன்றுதானாம். கிரேக்கத்தில் ஓரெழுத்தும் அறியாத அம்மா சரியான இடத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

கைப்பேசி இந்த நாட்டுக்கு வந்த விதத்தையும் சற்றுச் சொல்ல வேண்டும். பிற நாடுகளில் வீட்டுத் தொலைபேசி, கணினி, இணையம், கைப்பேசி என்று படிப்படியாக வந்தவை எல்லாம் இங்கே ஏறக்குறைய ஒரே மழைக்காலத்தில் வந்து இறங்கின. அதற்கு முன் ஒரு சிம் அட்டையை வாங்குவதென்றால் நிலம் வாங்குவது போல வீட்டில் கூடிப் பேச வேண்டும். 2014இல் இரண்டு வெளிநாட்டு நிறுவனங்கள் கடை விரித்தபோது அதே அட்டை 1,500 கியாட்டுக்குத் தெருமுனையில் கிடைத்தது. எங்கள் தெருவில் வெற்றிலைக் கடைக்காரர், சைக்கிள் ரிக்‌ஷாக்காரர், சபையின் மூப்பர், எல்லாரும் ஒரே மாதத்தில் ஃபேஸ்புக்கில் சேர்ந்தோம். பழகிக்கொள்ள எங்களுக்கு அவகாசம் இருக்கவில்லை.

என்னுடைய வேலையும் அதற்கு ஒத்தாசையாக அமைந்தது. பயின்நவுங் மொத்தச் சந்தையில் ஒரு பயறுத் தரகுக் கடைக்குக் கணக்கு எழுதுகிறேன். இந்த நாட்டில் விளையும் உளுந்தில் பெரும்பகுதியை வாங்குவது இந்தியா. ஆகவே டில்லியில் இறக்குமதி விதி ஒரு வரி மாறினால் பயின்நவுங்கில் மூட்டை விலை ஆடும். முந்தைய இரவின் சென்னை விலை, மும்பை விலை, டாலரின் வெளிச்சந்தை விலை எல்லாம் விடியுமுன்பே வைபர் என்ற செய்திச் செயலியின் குழுக்களில் வந்து குவிந்திருக்கும். கண்ணைத் திறந்ததும் உளுந்தின் விலையைப் பார்ப்பது கடமை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் முதலாளி எட்டு மணிக்கு முன் என்னிடம் எதையும் கேட்டதில்லை. உளுந்து விலையிலிருந்து செய்திக்கும், செய்தியிலிருந்து யாரோ ஒருவருடைய திருமணப் படத்துக்கும், அங்கிருந்து யாரென்றே தெரியாதவர்களின் சண்டைக்கும் போய்ச் சேர்ந்து, தலை நிமிரும்போது பேருந்துக்கு நேரமாகியிருக்கும். படியிறங்கிக்கொண்டே "ஆண்டவரே, இந்த நாளை ஆசீர்வதியும்" என்று சொல்லுவேன். பல ஆண்டுகள் என் காலை ஜெபம் அந்த நான்கு மாடிப் படிக்கட்டின் நீளந்தான்.

பிறகு 2021 வந்தது, இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. அந்த ஆண்டின் அரசியலை எழுதுவது என் வேலையன்று. எங்கள் வீட்டின் நேரம் எப்படி மாறியது என்பதை மட்டும் சொல்கிறேன். பிப்ரவரி 4 அன்று ஃபேஸ்புக் தடுக்கப்பட்டது. அடுத்த வாரம் இரவு 8 மணியிலிருந்து அதிகாலை 4 மணி வரை ஊரடங்கு வந்தது. பிப்ரவரி 15 முதல் ஒவ்வொரு நாளும் அதிகாலை 1 மணிக்கு இணையம் அறுந்து 9 மணிக்குத் திரும்பி வந்தது. மார்ச் நடுவில் கைப்பேசி வழியான இணையம் பகலிலும் நின்றுபோயிற்று. ஐந்து மணிக்கு விழித்துக்கொள்ளும் என் போன்றவனுக்குக் கையில் இருந்தது ஒரு கண்ணாடித் துண்டு; தட்டினால் மணியும் தேதியும் காட்டும், அவ்வளவே. பயம் வேறு வயிற்றைப் பிசைந்தது. நான் எழுந்துபோய், பதினோரு ஆண்டுகளாக யாரும் உட்காராமல் கிடந்த அம்மாவின் மூலையில் உட்கார்ந்தேன்.

அந்த வாரங்களில் ஜெபித்ததைப் போல நான் அதுவரை ஜெபித்ததில்லை. ஒரு மணி நேரம் போவது தெரியாது. சங்கீதங்களை ஒன்று விடாமல் படித்து முடித்தேன். மனம் வருவதும் போவதுமாக இல்லாமல் வைத்த இடத்தில் இருந்தது. நான்கைந்து குடும்பங்கள் கூடிய ஒரு வீட்டுக் கூட்டத்தில் எழுந்து நின்று, ஆண்டவர் எனக்கு அதிகாலை ஜெபத்தின் கிருபையைத் தந்திருக்கிறார் என்று சாட்சியும் சொன்னேன். எல்லாரும் ஸ்தோத்திரம் என்றார்கள். எண்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா மட்டும் ஸ்தோத்திரம் சொல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நெட்டு வந்தப்புறமும் இதையே வந்து சொல்லுங்க தம்பி, அப்ப நான் சொல்றேன்" என்றார். அனைவரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மனத்துக்குள் கொஞ்சம் கோபமும் இருந்தது.

இணையம் திரும்பியது. ஃபேஸ்புக்கைத் திறக்க விபிஎன் என்ற குறுக்குவழியை என் மகனே நிறுவிக்கொடுத்தான். மூலையில் உட்கார்வது ஒரு மணி நேரத்திலிருந்து அரை மணியாகி, கால் மணியாகி, மூன்றாவது வாரம் நான் மறுபடியும் படிக்கட்டில் இறங்கிக்கொண்டு ஜெபித்தேன். அந்த அம்மாவின் கண்ணில் படாமல் சில ஞாயிற்றுக்கிழமைகளைக் கடத்தினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

தானியேல் ஆறாம் அதிகாரத்தை நான் எத்தனையோ முறை படித்திருந்தேன். சிங்கக்கெபியை நோக்கி விரைகிற கண்ணுக்கு அதற்கு முன்னால் நிற்கும் ஒரு சிறு தொடர் படுவதில்லை. ராஜாவைத் தவிர வேறு யாரிடமும் முப்பது நாள் வரைக்கும் விண்ணப்பம் பண்ணக் கூடாது என்ற கட்டளைப் பத்திரத்தில் கையெழுத்து வைக்கப்பட்டதை அறிந்த பிறகும் தானியேல் தன் மேலறைக்குப் போய், எருசலேமுக்கு நேரான பலகணிகள் திறந்திருக்க, "தான் முன் செய்துவந்தபடியே" தினம் மூன்று வேளையும் முழங்கால்மேல் விழுந்து ஜெபம்பண்ணினான் என்று எழுதியிருக்கிறது. முன் செய்துவந்தபடியே! கட்டளை வருமுன் இருந்தது எதுவோ அதுவே கட்டளை வந்த பின்னும் இருந்தது. என் காரியம் அப்படியே தலைகீழ். கட்டளையோடு என் ஜெபம் வந்தது, கட்டளையோடு போயிற்று. நான் கிருபை என்று சாட்சி சொன்னதில் பாதிக்கு மேல் கம்பி அறுந்துகிடந்ததன் விளைவு. இதைக் கண்டுகொண்டது கசப்பாக இருந்தாலும், ஒரு வகையில் ஆறுதலாகவும் இருந்தது. என்னிடம் இருந்து தொலைந்துபோன ஒன்றைத் தேட வேண்டியதில்லை, அது இன்னும் கட்டப்படவே இல்லை என்று தெரிந்துவிட்டதல்லவா?

கட்டுவதற்கு நான் செய்த முதல் முயற்சிகள் எல்லாம் கைப்பேசியின் உதவியோடுதான் நடந்தன. வேதாகமச் செயலியை இறக்கினேன்; வாசிப்புத் திட்டம் ஒன்றில் சேர்ந்தேன்; நூற்றுமுப்பதாம் சங்கீதத்தில் "ஆழங்களிலிருந்து" என்று ஆரம்பிக்கும்போதே திரையின் உச்சியிலிருந்து உளுந்து விலை இறங்கி வந்தது. அறிவிப்புகளை அணைத்தேன். அணைத்த பிறகு, அணைத்திருப்பதால் எதைத் தவறவிட்டேனோ என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நானே போய்ப் பார்த்தேன். அது அதைவிட மோசம். பிறகு சில நண்பர்களோடு சேர்ந்து அதிகாலை ஜெபத்துக்கென்று ஒரு குழு தொடங்கினோம். ஒருவர் ஜெபக்குறிப்பை இடுவார், மற்றவர்கள் ஜெபிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு மாதத்துக்குள் அது கூப்பிய கைகளின் படங்களும் பூக்களின்மேல் எழுதிய வாக்குத்தத்த வசனங்களுமாக நிரம்பிற்று. அறுவை சிகிச்சைக்காக யாரோ ஜெபிக்கக் கேட்டால் முப்பது பேர் "ஆமென்" என்று போடுவோம். நான் ஆமென் போட்ட பல காரியங்களுக்காக நான் ஜெபித்ததே இல்லை. ஆமென் என்பது ஜெபத்தின் கடைசிச் சொல். முதலும் நடுவும் இல்லாத கடைசிச் சொல்லை நாங்கள் மாதக்கணக்கில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டிருந்தோம். அந்தக் குழு யாரையும் கெடுத்தது என்று சொல்லமாட்டேன், தனியாக இருக்கும் முதியவர்களுக்கு அது துணையாக இருந்தது. என்னைப் பொறுத்தவரை ஜெபித்துவிட்டதுபோல ஒரு திருப்தியைக் கொடுத்து என்னை ஜெபிக்காமல் வைத்தது.

கைப்பேசி என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது நேரத்தைத்தான் என்று அதுவரை எண்ணியிருந்தேன். வேறொன்றையும் அது எடுத்துக்கொண்டிருந்ததை என் மகன் புறப்பட்டுப் போன பிறகுதான் உணர்ந்தேன். 2024 பிப்ரவரியில் கட்டாய இராணுவச் சேவைச் சட்டம் நடைமுறைக்கு வரும் என்று அறிவிக்கப்பட்ட பிறகு எத்தனையோ வீட்டுப் பிள்ளைகளைப்போல அவனும் தாய்லாந்துக்குப் போய்விட்டான். இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொள்வேன். கை தானாகக் கைப்பேசிக்குப் போகும். அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தால், சரி, விழித்திருக்கிறான், உயிரோடு இருக்கிறான் என்று மூச்சு விட்டுக்கொண்டு படுப்பேன். எரியாவிட்டால் கடைசியாக எப்போது வந்தான் என்று பார்ப்பேன். ஓர் இரவில் அந்தப் பச்சைப் புள்ளியைப் பார்த்துவிட்டுப் படுத்தபோது, பழைய நோட்டும் அம்மாவின் குரலும் நினைவுக்கு வந்தன. "எனக்குத் தெரியாது, உமக்குத் தெரியும்." அம்மாவின் பயத்துக்குப் போக வேறு இடமில்லாததால் அது தினமும் ஆண்டவரிடம் போயிற்று. என் பயத்துக்கு அதற்குமுன் ஒரு கடை திறந்திருந்தது. அங்கே போய் ஒரு பச்சைப் புள்ளியை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறேன்; அது விடியும் வரை தாங்குவதில்லை, மறுபடியும் போகிறேன். என் மகன் புறப்பட்டுப்போன ஐந்து மாதத்தில் அவனை நூற்றுக்கணக்கான முறை திரையில் தேடியிருந்தேன், அவனுக்காக உட்கார்ந்து ஜெபித்தது எத்தனை முறை என்று விரல்விட்டு எண்ணலாம்.

அந்த மழைக்காலத்தில்தான் கைப்பேசி முதன்முதலாக டிரம்முக்குள் போயிற்று.

கைப்பேசியை அணைத்துவிடுங்கள் என்று அறிவுரை சொல்பவர்களுக்கு அயல்நாட்டில் பிள்ளை இல்லை என்றே நினைக்கிறேன். என்னால் அணைக்க முடியாது. ஆகவே பழைய பட்டன் போன் ஒன்றைத் தேடி எடுத்து, புதிய சிம் போட்டு, அந்த எண்ணை மகனுக்கும் மாண்டலேயில் இருக்கும் தங்கைக்கும் மட்டும் கொடுத்தேன். அதில் பேசத்தான் முடியும். அது முக்காலிக்குப் பக்கத்தில் தரையில் இருக்கும். அது ஒலித்தால் எடுத்துப் பேசுவேன். ஒலிக்கவில்லை என்றால் என்னைத் தேட வேண்டியவர்கள் யாரும் தேடவில்லை. இந்த ஒரு ஏற்பாட்டினால் கிடைத்த அமைதி, அதற்கு முன் நான் செய்த தீர்மானங்கள் எதனாலும் கிடைக்கவில்லை.

அடுத்து நேரம். தினமும் ஒரே மணிக்கு உட்காருங்கள் என்று போதகர்கள் சொல்வது நல்ல ஆலோசனைதான், ஆனால் யாங்கூனில் மணிக்கு அதிகாரம் இல்லை, மின்சாரத்துக்குத்தான் அதிகாரம். அது முறைவைத்து வருகிறது, நான்கு மணி நேரம் இருந்தால் எட்டு மணி நேரம் இருக்காது, இன்றைய முறை நாளைக்கு இல்லை. அதிகாலை மூன்று மணிக்கு மின்சாரம் வந்தால் தெருவே "மீ லாப்பி!" என்று கூவும், வெளிச்சம் வந்துவிட்டது என்று பொருள். உடனே தண்ணீர் மோட்டார், அரிசிக் குக்கர், இஸ்திரிப் பெட்டி, பேட்டரி எல்லாவற்றுக்கும் ஓட வேண்டும். ஐந்து மணி ஜெபம் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தேன். முதல் வாரத்திலேயே மூன்று நாள் மோட்டாரிடம் தோற்றது. பிறகு ஒன்றைக் கவனித்தேன். மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விடியும் நேரத்தில் எங்கள் தெருவில் ஒரு சத்தம் தவறாமல் வரும். புத்த பிக்குகள் பிச்சைப் பாத்திரங்களோடு வரிசையாக வருமுன், முன்னே நடப்பவர் கீசீ என்ற வெண்கலத் தகட்டைத் தட்டிக்கொண்டு வருவார். தட்டியதும் அது சுழன்றுகொண்டே நீளமாக ஒலிக்கும். அந்த மணிச் சத்தம் தெருமுனையில் கேட்கும்போது முக்காலியில் உட்கார்வது என்று வைத்துக்கொண்டேன். கிறிஸ்தவன் ஒருவனை ஜெபத்துக்கு எழுப்புவது பௌத்தரின் மணியாக இருப்பதில் சபையில் ஒருவர் முகம் சுளித்தார். சேவல் கூவியதும் பேதுரு அழுதான், சேவல் எந்த மதம் என்று யார் கேட்டார்கள் என்று நான் பதில் சொன்னேன். கொஞ்சம் துடுக்கான பதில்தான்.

வேதாகமத்தை அச்சுப் புத்தகத்திலும் தமிழிலும் படிப்பது என்று தீர்மானித்தது எதிர்பாராத நன்மையாக அமைந்தது. இதை இங்குள்ள தமிழர்கள்தான் முழுவதும் புரிந்துகொள்வார்கள். நான் பள்ளியில் படித்தது பர்மிய மொழியில். அதோனிராம் ஜட்சன் 1834இல் மொழிபெயர்த்து முடித்து, 1840இல் திருத்தி வெளியிட்ட பர்மிய வேதாகமம் இன்றும் இந்த நாட்டுச் சபைகளின் வேதாகமம். அதை நான் செய்தித்தாளைப் படிப்பதுபோல ஓட்டமாகப் படித்துவிடுவேன், பல வசனங்கள் கண்ணில் பட்டுக் கருத்தில் படாமல் போய்விடும். தமிழெழுத்தை நான் கற்றதோ ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் சபை மண்டபத்தில், வேதாகமத்தையே பாடப்புத்தகமாக வைத்துக்கொண்டு. பர்மிய மொழியில் என் கண் ஓடும், தமிழில் நடக்கும். "சகாயஞ்செய்யத் தீவிரியும்" என்பதை எழுத்துக்கூட்டித்தான் கடக்க வேண்டும். கடந்து முடிக்கும்போது அது என் சொந்த விண்ணப்பமாகியிருக்கும். என் தமிழ் வாசிப்பின் மந்தத்தை எண்ணி வெட்கப்பட்டுக்கொண்டிருந்தவன், இப்போது அந்த மந்தம் போய்விடக் கூடாதே என்று பயப்படுகிறேன்.

இவ்வளவு செய்தாலும் மனம் ஓடுவதை நிறுத்தாது. டிரம்முக்குள் இருப்பது கருவி மட்டும்; பத்தாண்டுகளாக அது பழக்கிவைத்த மனம் என்னோடுதான் முக்காலியில் உட்காருகிறது. முதல் வாரங்களில் என்னால் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஒரே விண்ணப்பத்தில் நிற்க முடியவில்லை. எங்கோ அதிர்வதுபோலத் தொடையில் தோன்றும். பையில் ஒன்றும் இருக்காது. 1535இல் மார்ட்டின் லூதர் தம்முடைய நாவிதரான பேதுரு என்பவருக்கு ஜெபிக்கும் முறையைப் பற்றி எழுதிக்கொடுத்தார். சவரம் செய்பவன் கத்தியிலும் மயிரிலும் கண்ணை வைக்காமல் வேறெதையோ பேசிக்கொண்டும் யோசித்துக்கொண்டும் இருந்தால் வாயையோ மூக்கையோ கழுத்தையோ அறுத்துவிடுவான், ஜெபத்துக்கும் அந்தக் கவனம் வேண்டும் என்று அதில் வருகிறது. கர்த்தருடைய ஜெபத்தை ஒவ்வொரு விண்ணப்பமாக எடுத்துக்கொண்டு போகவும், ஏதேனும் ஒன்றில் மனம் பற்றிக்கொண்டால் மற்றவற்றை விட்டுவிட்டு அங்கேயே நிற்கவும் அவர் சொல்கிறார். என் கைக்கு அது பொருந்தியது. "உம்முடைய ராஜ்யம் வருவதாக" என்பதில் இந்த நாடு முழுவதும் அடங்கிவிடுகிறது. "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை" என்பதில் உளுந்து விலையும் வருகிறது, வந்தால் வரட்டும் என்று விட்டுவிடுகிறேன். மனத்தில் குறுக்கே வரும் வேலைகளை, சிலிண்டர் சொல்ல வேண்டும், சந்தாக் கட்ட வேண்டும் என்பவற்றை, பக்கத்தில் இருக்கும் பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் ஒரு சொல்லாகக் கிறுக்கிவிட்டுத் திரும்பி வருகிறேன். எழுதிவிட்டால் அது என்னைவிட்டுப் போய்விடுகிறது. பெரும்பாலான நாட்களில் தாளில் எழுதியவற்றில் ஒன்றுகூட அவசரமாக இருப்பதில்லை.

மாற்கு முதல் அதிகாரத்தில் இயேசு அதிகாலையில் இருட்டோடே எழுந்து வனாந்தரமான ஓரிடத்துக்குப் போய் ஜெபித்தார் என்பதை அதிகாலை ஜெபத்தைப் பற்றிப் பேசுகிற எல்லாரும் எடுத்துச் சொல்வார்கள். அடுத்த இரண்டு வசனங்களை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. சீமோனும் கூட இருந்தவர்களும் தேடிக்கொண்டு போய், அவரைக் கண்டதும், "உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்" என்கிறார்கள். என் கைப்பேசி நாள் முழுவதும் என்னிடம் சொல்லும் பொய் இதே வாக்கியம்தான் என்று ஒரு காலையில் தோன்றிற்று. அவர் விஷயத்தில் அது மெய்யாகவே இருந்தது. முந்தைய மாலையில்தான் நோயாளிகளும் பிசாசு பிடித்தவர்களுமாக ஊரே வாசலில் கூடியிருந்தது. ஆனாலும் அவர் கப்பர்நகூமுக்குத் திரும்பிப் போகவில்லை, அடுத்த ஊர்களுக்குப் போவோம் வாருங்கள் என்றார். தேடப்படுவதும் அனுப்பப்படுவதும் வேறுவேறு என்று ஜெபத்திலிருந்து எழுந்து வந்தவருக்குத் தெரிந்திருந்தது.

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை, நண்பகல் 12.50. சகாயிங், மாண்டலே பகுதியை 7.7 அளவில் நிலநடுக்கம் உலுக்கியபோது நான் பயின்நவுங்கில் பேரேட்டின்மேல் குனிந்திருந்தேன். விசிறி தானாக ஆடியது, தலை சுற்றுகிறது என்று நினைத்தேன். மாலைக்குள் எல்லாம் தெரிந்துவிட்டது, தங்கையின் வீட்டைத் தவிர. அவளுடைய எண்ணும் அவள் கணவருடைய எண்ணும் கிடைக்கவில்லை. அன்றிரவு டிரம்மைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. இரண்டு போன்களும் என் மடியில் இருந்தன. இடிந்த கட்டடங்களின் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, அவள் தெருவா என்று நானும் மனைவியும் பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்காக இன்றும் நான் வருந்தவில்லை. தங்கையைத் தேடுகிறவன் கையில் கிடைத்ததையெல்லாம் கொண்டு தேடத்தான் செய்வான்.

சனிக்கிழமை விடிந்தபோது தெருமுனையில் மணி ஒலித்தது. எனக்கு ஜெபிக்கத் தோன்றவில்லை. உடம்பு மட்டும் எழுந்துபோய் முக்காலியில் உட்கார்ந்தது. எட்டு மாதமாக அந்தச் சத்தத்துக்கு எழுந்த உடம்பு அது. புத்தகத்தைத் திறக்கவில்லை. நாவிதருக்குச் சொன்ன முறையும் நினைவில்லை. அம்மாவின் வாக்கியம் ஒன்றுதான் வந்தது, அதைத் தங்கையின் பெயரோடும் அவள் பிள்ளைகளின் பெயர்களோடும் மாற்றி மாற்றிச் சொன்னேன். பத்து நிமிடம் இருக்கலாம். எழுந்து மறுபடியும் கைப்பேசியை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை மாலை பட்டன் போன் ஒலித்தது. யாருடைய போனிலிருந்தோ பேசினாள். வீட்டின் பின்சுவர் விழுந்துவிட்டது, எல்லாரும் இருக்கிறோம், தெருவில் பாய் போட்டுப் படுத்திருக்கிறோம், நீ சாப்பிட்டியாண்ணா என்றாள்.

நெட்டு வந்தப்புறமும் சொல்லச் சொன்ன அந்த அம்மாவிடம் போய்ச் சொல்லலாமா என்று யோசித்தேன். அவர் முந்திய ஆண்டே காலமாகிவிட்டார். சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்வதை நானும் விட்டுவிட்டேன்.

இன்று காலை மணி ஒலித்து, உட்கார்ந்து, மூன்றாம் விண்ணப்பத்தைக் கடந்தபோது தெரு முழுவதும் "மீ லாப்பி" என்று கூவிற்று. "ஏங்க, மோட்டாரு" என்றாள் மனைவி. எழுந்துபோய் மோட்டாரைப் போட்டேன். தொட்டி நிரம்பும் வரை நின்று பார்த்துவிட்டு, பேட்டரியைச் செருகிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்து, எங்கே விட்டேன் என்று யோசித்தேன். ஆகாரத்தில் விட்டிருந்தேன். அதைச் சொல்லத் தொடங்கும்போது அவள் பால்டப்பாவோடு வந்து நின்றாள். நான் முக்காலியை ஒரு முழம் நகர்த்திக்கொண்டேன். அவள் குழவியை இறக்கி, மூடியைத் திறந்து, கைப்பேசியை எடுத்து என் பக்கம் நீட்டாமல் அம்மியின்மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, அரிசியை எண்ணி அளக்க ஆரம்பித்தாள்.